கேளுங்க சொல்றேன்: ஜார்ஜ் இன், கீழே கல்லு மேலே மரம்

போன இதழ்ல இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப்னு ஒரு கிராமத்துல இருக்கற ஜார்ஜ் இன்ங்கற பழைய சத்திரத்தோட படத்தைப் போட்டு நாலு வரி எழுதியிருந்தோம். கீழ்த்தளம் கல்லு, அதுக்கு மேல ரெண்டு மாடி மரம், ஒவ்வொரு மாடியும் தெருப்பக்கம் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிக்கும், அந்தப் படம்தான். அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்து மனசு நிறைஞ்சு போச்சு, அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் அந்த ஒரே கட்டடத்துக்குத்தான். நான் அந்த நாட்டுல சில வருஷம் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கற வேலையில இருந்தவன், அந்த அனுபவத்துல தெரிஞ்சதைச் சொல்றேன்.

கீழ கல்லு, மேல மரம்னு ஏன் கட்டினாங்க சார்? பாதியில காசு தீர்ந்து போச்சா?
வாசகர், கும்பகோணம்

காசு தீரல, அவங்க கையில காசு நிறையவே இருந்துச்சு. இந்தக் கட்டடத்தைக் கட்டினது ஹின்டன் சார்ட்டர்ஹவுஸ்ங்கற பக்கத்து ஊர் மடத்துத் துறவிகள். அந்த மடம் 1232ல சால்ஸ்பரி சீமாட்டி ஏலா நிறுவினது, கார்த்தூசியன்ங்கற கிறிஸ்தவத் துறவிகள் சபை. மடத்துக்கு நிலம் இருக்கு, ஆடு இருக்கு, ஆடு இருந்தா கம்பளி இருக்கும், அந்தக் காலத்து இங்கிலாந்துல கம்பளின்னா ரொக்கப் பணம் மாதிரி. நார்ட்டன்ல வருஷா வருஷம் கம்பளிச் சந்தை கூடும், 13ஆம் நூற்றாண்டு கடைசியில தொடங்கின சந்தை 1902 வரைக்கும் நடந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க, 600 வருஷம். சந்தைக்கு வர்ற வியாபாரி தங்கணும், அவன் வாங்கின சரக்கு நனையாம, திருடு போகாம, தீப்பிடிக்காம இருக்கணும். அதுக்குத்தான் கீழ கல்லு.

ஒரு சாக்குக் கம்பளின்னா அன்னைக்குக் கணக்குல 364 பவுண்டு, நம்ம கணக்குல 165 கிலோ. இந்த எடையை மாடிக்கு ஏத்தி இறக்கறதைவிட தரைமட்டத்துல, கெட்டியான கல் சுவருக்குள்ள வைக்கறதுதான் சுலபம். கல்லும் அந்தப் பக்கத்துலயே வெட்டி எடுக்கற சுண்ணாம்புக்கல், பாத் நகரம் முழுக்க தேன் கலர்ல தெரியுதே அதே இனம்.

மேல இருக்கற மர மாடி ரெண்டும் 15ஆம் நூற்றாண்டுல வந்தது. கூட்டம் கூடுச்சு, ரூம் வேணும், அதனால மேல எழுப்பினாங்க. மரம்னா பாரம் கம்மி, இருக்கற கல் சுவர் தாங்கும், அதோட தச்சர்கள் தங்களோட பட்டறை முற்றத்துலயே எல்லா சட்டத்தையும் செதுக்கி ஒருதடவை பொருத்திப் பார்த்து, பிரிச்சு வண்டியில ஏத்திக் கொண்டு வந்து மறுபடியும் பொருத்திடுவாங்க, வேலை சீக்கிரம் முடியும். அதனால இந்தக் கட்டடத்தைக் கீழ இருந்து மேல பார்த்தாலே வியாபாரம் எப்படி வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சிடும், எனக்கு இதுல பிடிச்ச விஷயமே அதுதான்.

கார்த்தூசியன் துறவிகள் பேசவே மாட்டாங்கன்னு படிச்சிருக்கேன். மௌனமா இருக்கறவங்களுக்கு எதுக்கு மதுக்கடை?
வாசகி, நாகர்கோவில்

நல்ல கேள்விம்மா. அந்தச் சபையில ஒவ்வொரு துறவிக்கும் தனித்தனிக் குடில், அதுக்குள்ளயே சாப்பாடு, ஜபம், கைவேலை, சின்னதா ஒரு தோட்டம். மற்ற மடம் மாதிரி விருந்தாளிகளை உள்ள வச்சு உபசரிக்கறது அவங்க வாழ்க்கைக்கு ஒத்து வராது. ஆனா மடம் பிழைக்கறது கம்பளிப் பணத்துல, கம்பளி விக்கணும்னா சந்தை வேணும், சந்தைன்னா இரைச்சல். ஹின்டன்லயே நடந்துக்கிட்டிருந்த சந்தை ஜபத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு அதை நார்ட்டனுக்கே மாத்திட்டாங்க. இரைச்சல் அங்க, வருமானம் இங்க, நடுவுல சில மைல் தூரம். அந்தத் தூரத்துக்கான ஏற்பாடுதான் ஜார்ஜ் இன்.

மடங்கள் சத்திரம் கட்டறது அங்க வழக்கம்தான். கிளாஸ்டன்பரியில இருக்கற இன்னொரு ஜார்ஜ், அதுவும் 15ஆம் நூற்றாண்டு, அந்த ஊர் மடத்தலைவர் கட்டினது, யாத்திரை வர்றவங்களுக்காக. அது முகப்பு முழுக்கக் கல், கோயில் ஜன்னல் மாதிரி கட்டம் கட்டமா செதுக்கினது. க்ளாஸ்டர் நகரத்துல நியூ இன், அதுவும் மடத்தோடது, அங்க நடுவுல முற்றம், சுத்தி மாடித் தாழ்வாரம். நார்ட்டன் ஜார்ஜ் வேற மாதிரி, தெருவைப் பார்த்து ஒரே நீளக் கட்டடம், முற்றம் பின்னாடி. முற்றம் நடுவுல வச்ச சத்திரம் ஒரு வகை, தெருமுகத்துல கட்டடத்தை நிறுத்திட்டு முற்றத்தைப் பின்னாடி வச்சது ரெண்டாவது வகை, அங்க பழைய சத்திரங்கள்ல பெரும்பாலும் இந்த ரெண்டுதான்.

1539ல எட்டாம் ஹென்றி ராஜா காலத்துல ஹின்டன் மடத்தைக் கலைச்சுட்டாங்க. மடம் இடிஞ்சு அங்கங்க மிச்சம்தான் இருக்கு, அது கட்டின சத்திரம் இன்னைக்கும் சாப்பாடு போட்டுக்கிட்டிருக்கு.

அண்ணா, நான் சிவில் மூணாவது வருஷம் படிக்கறேன். மாடி தெருப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்குதே, அதுக்கு ஸ்ட்ரக்சுரல் காரணம் இருக்கா, இல்ல அழகுக்கா?
மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, இதுக்கு ஜெட்டின்னு பேரு. இதைப் பத்தி அங்க இருக்கற ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க, ஒரே காரணம்னு சொல்லிட முடியாது. இடம் பத்தாம தெருவுக்கு மேல இடம் பிடிச்சாங்கன்னு வழக்கமா சொல்வாங்க, டவுன்ல அது சரிதான், ஆனா நார்ட்டன் மாதிரி கிராமத்துல வயல் வரைக்கும் இடம் கிடக்கு, அங்கயும் ஜெட்டி இருக்குன்னா இடப்பஞ்சம் மட்டும் காரணமா இருக்க முடியாது.

உனக்குப் பிடிக்கற மாதிரி காரணம் ஒண்ணு இருக்கு. மாடித்தரைப் பலகையைத் தாங்கற கட்டைகளுக்கு ஜாய்ஸ்ட்னு பேரு, அந்தக் காலத்துல அதை நிமிர்த்தி வைக்க மாட்டாங்க, படுக்க வைப்பாங்க. அதாவது 8 அங்குலம் அகலம், 5 அங்குலம் உயரம்னு வச்சுக்கோ. நீ படிச்ச ஃபார்முலாவுல உயரத்துக்குத்தான் மூணு அடுக்கு, அதே கட்டையை நிமிர்த்தி வச்சா ரெண்டரை மடங்கு விறைப்பு கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாரு. படுக்க வச்சா உருண்டு சாயாது, மேல பலகை போட அகலமா இடம் இருக்கும், ஆனா நடந்தா தரை துள்ளும். இப்போ அந்த ஜாய்ஸ்டோட நுனியை கீழ்ச்சுவருக்கு வெளிய ஒண்ணு ரெண்டு அடி நீட்டி, அந்த நுனி மேல மாடிச் சுவரை ஏத்தி வைக்கற. நுனியில பாரம் அழுத்துது, சுவர் நடுவுல தாங்குகோல் மாதிரி நிக்குது, ரூமுக்குள்ள இருக்கற பாகம் மேல்நோக்கித் தூக்கப் பார்க்குது. உள்ள நீ நடக்கும்போது கீழ தொய்யறதும் இந்தத் தூக்கலும் ஒண்ணுக்கொண்ணு ஈடாகுது. கான்டிலீவர், அதாவது ஒரு பக்கம் பிடிப்போட மறுபக்கம் அந்தரத்துல நீட்டி நிக்கற கட்டை, அந்த வார்த்தையே தெரியாத தச்சன் கை அனுபவத்துல கண்டுபிடிச்சது இது, எனக்கு முதல்தடவை இது புரிஞ்சப்போ அந்தத் தரையில முன்னாடியும் பின்னாடியும் நடந்து நடந்து பார்த்தேன்.

வேற காரணமும் சேரும். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனித் தூண்னா குட்டை மரமே போதும், ரெண்டு மூணு மாடி உயரத்துக்கு நேரா வளர்ந்த ஓக் மரம் தேடி அலைய வேண்டாம். மேல் மாடி குடை மாதிரி கீழ்ச்சுவரை மழையில இருந்து காப்பாத்தும். கவுரவமும் உண்டு, தெருவுல வர்றவன் நிமிர்ந்து பார்க்கணும்ல, சத்திரத்துக்கு அதுதானே விளம்பரம்.

ரெண்டு பக்கமும் ஜெட்டி வச்ச கட்டடம்னா மூலையில என்ன பண்றதுன்னு அடுத்த கேள்வி வரும். மூலைக்குக் குறுக்கா ஒரு பெரிய விட்டம் போடுவாங்க, டிராகன் பீம்னு பேரு, ரெண்டு பக்கத்து ஜாய்ஸ்டும் அதுல வந்து சேரும், அதோட நுனியைத் தாங்கற மூலைத்தூண் மேல போகப் போக அகலமா விரியும், மரத்தோட வேர்ப்பக்கத்தைத் தலைகீழா திருப்பி வச்சு அந்த அகலத்தை எடுப்பாங்க.

படத்துல பார்த்தா எல்லாம் கோணல்மாணலா இருக்கே, விழுந்துடாதா? பயமா இல்லையா அதுக்குள்ள தூங்க?
வாசகி, திருநெல்வேலி

விழாதும்மா. அது கோணினது எப்பவோ, முதல் சில பத்து வருஷத்துலயே கோண வேண்டியதெல்லாம் கோணி முடிச்சிருக்கும். காரணம், பச்சை மரத்துலயே கட்டறாங்க. நம்ம ஊர்ல மரத்தை வருஷக்கணக்குல காயப்போட்டு இழைப்போம், அங்க ஓக் மரத்தை வெட்டின ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள செதுக்கி நிறுத்திடுவாங்க, ஏன்னா வைரம் பாய்ஞ்ச ஓக் காய்ஞ்சு போச்சுன்னா உளியே இறங்காது. நின்ன இடத்துலயே காயும், காயும்போது சுருங்கும், முறுக்கும், வெடிப்பு விடும். ஆனா மூட்டு பிரியாது. ஒரு மரத்துல துளை, இன்னொண்ணுல நாக்கு மாதிரி செதுக்கி உள்ள சொருகி குறுக்க ஓக் ஆணி அடிச்சிருப்பாங்க, மரம் சுருங்கச் சுருங்க அந்தப் பிடிப்பு இறுகும், இரும்பு ஆணி இந்த எலும்புக்கூட்டுல கிடையாது. ஓக் மரத்துல இருக்கற துவர்ப்பு இரும்பை அரிச்சுடும், அது அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

போய்ப் பார்த்தா சட்டம் சேர்ற இடத்துல கோடு கோடா கீறல் தெரியும், ரோமன் எண் மாதிரி. அது தச்சரோட குறி. பட்டறையில பொருத்திப் பார்த்துட்டு பிரிக்கும்போது எந்த நாக்கு எந்தத் துளைக்குன்னு தெரியணும்ல, அதுக்குப் போட்டது. பல கட்டடத்துல அந்தக் குறிகளை வரிசையா எண்ணிப் பார்த்தா நடுவுல ஒண்ணு காணாம போயிருக்கும், அப்போ அந்த இடத்துல ஒரு சட்டத்தைப் பின்னாடி யாரோ எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.

மரத்துக்கு வயசு கண்டுபிடிக்கறதும் உண்டு. வளையம் வளையமா வளர்ற மரம் நல்ல மழை வருஷத்துல தடிச்ச வளையம் போடும், வறண்ட வருஷத்துல மெல்லிசா போடும், அந்த வரிசையை ஏற்கனவே தெரிஞ்ச வரிசையோட ஒப்பிட்டா, பட்டையை ஒட்டின கடைசி வளையம் மிஞ்சியிருந்தா எந்த வருஷம் வெட்டினதுன்னே சொல்லிடலாம். பென்சில் தடிமன் துளை ஒண்ணு போட்டா போதும்.

இங்கிலீஷ் பழைய வீடுன்னாலே கறுப்பு மரம் வெள்ளைச் சுவர்தானே?
வாசகர், ஈரோடு

அந்தக் கறுப்பு வெள்ளை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஃபேஷன். அதுக்கு முன்னாடி ஓக்கை அப்படியே விட்டுடுவாங்க, வெயில் மழை பட்டு வெள்ளி மாதிரி சாம்பல் நிறம் ஆகும், இல்லேன்னா மரம் சுவர் எல்லாத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடிச்சிடுவாங்க, காவி கலந்தும் அடிப்பாங்க. அதனால தார் பூசின கறுப்பைப் பார்த்ததும் இதுதான் ஒரிஜினல்னு நினைச்சுடாதீங்க.

நாங்க பிரிஸ்டல்ல இருக்கோம். எந்தப் பழைய பப்புக்குப் போனாலும் இந்த விட்டமெல்லாம் உடைஞ்ச கப்பல்ல இருந்து எடுத்ததுன்னு சொல்றாங்க, அங்கங்க வெறும் துளையும் இருக்கு. உண்மையா?
வாசகி, பிரிஸ்டல்

ஆசையா சொல்ற கதை, ஆனா பெரும்பாலும் உண்மை இல்ல, நம்பாதீங்க. கப்பல் மரம் வளைஞ்சு இருக்கும், உப்பு ஏறி இருக்கும், பெரிய இரும்பு போல்ட் துளை இருக்கும். கடல் எங்கயோ இருக்க, அந்தப் பாரத்தை மாட்டு வண்டியில கிராமத்துக்கு இழுத்துட்டு வர்ற செலவுக்கு பக்கத்துத் தோப்புல நாலு ஓக் வெட்டிடலாம். துறைமுகத்தை ஒட்டின ஊர்ல சில கட்டடத்துல கப்பல் மரம் இருக்கலாம், அது வேற.

அந்த வெறும் துளைக்கு வேற கதை இருக்கு, எனக்கு அது கப்பல் கதையைவிட பெருசு. விட்டத்தோட அடிப்பக்கத்துல வரிசையா துளை இருந்தா அங்க ஒரு தடுப்புச் சுவர் இருந்துச்சுன்னு அர்த்தம். சட்டத்துக்கு நடுவுல சுவர் எப்படி நிரப்புவாங்கன்னா, மேல் மரத்துல துளை, கீழ் மரத்துல ஒரு நீளப் பள்ளம், ஓக் குச்சியோட ஒரு நுனியை மேல சொருகி மறு நுனியைக் கீழ பள்ளத்துல தள்ளி நிறுத்துவாங்க, அப்புறம் ஹேசல்னு ஒரு செடியோட குச்சியைப் பிளந்து கூடை முடையற மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னி, களிமண்ணு சாணி நறுக்கின வைக்கோல் மூணையும் மிதிச்சுக் குழைச்சு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அப்புவாங்க. சுவரை எடுத்துட்டாலும் துளை மட்டும் விட்டத்துல அப்படியே இருக்கும். நீங்க இன்னைக்கு உக்காந்து சாப்பிடற பெரிய ஹால் ஒருகாலத்துல மூணு சின்ன ரூமா இருந்திருக்கலாம். அடுத்த தடவை போகும்போது துளையை எண்ணிப் பாருங்க.

இதுதான் இங்கிலாந்துலயே பழைய பப்னு சொல்றாங்களே, 1397ல இருந்தே லைசென்ஸ் இருக்காம்?
வாசகர், சேலம்

பழைய பப் நாங்கதான்னு சொல்றவங்க அங்க ஏகப்பட்ட பேர். நாட்டிங்ஹாம்ல ஒரு கடை 1189னு சுவர்லயே எழுதி வச்சிருக்கு, செயின்ட் ஆல்பன்ஸ்ல ஒண்ணு கின்னஸ் புத்தகத்துலயே இருந்துச்சு, 2000ல அவங்க அந்தப் போட்டியே வேணாம்னு எடுத்துட்டாங்க. லைசென்ஸ் விஷயம், ஏல்னு சொல்ற பீர் வகையை விக்கறவங்க நீதிபதிகள்கிட்ட அனுமதி வாங்கணும்னு சட்டம் வந்ததே 1552ல, அதனால 1397ல நாம இன்னைக்கு நினைக்கற லைசென்ஸ் இருந்திருக்க முடியாது. நார்ட்டன் ஜார்ஜ் 14ஆம் நூற்றாண்டு, இல்லேன்னா 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சந்தைக்கு வந்தவங்க தங்கின இடம், அவ்வளவு சொன்னாலே போதும், அதுவே பெரிய வயசு.

இன்னொண்ணு, இன் வேற, டேவர்ன் வேற, ஏல்ஹவுஸ் வேற. தங்க இடம், குதிரைக்குத் தீனி ரெண்டும் கொடுத்தா இன். டேவர்ன்ல திராட்சை மது. ஏல்ஹவுஸ் வீட்டுத் திண்ணை வியாபாரம் மாதிரி. கட்டடமும் அதுக்கேத்த மாதிரி மாறும், இன்னுக்குத்தான் முற்றம், லாயம், இத்தனை ரூம் எல்லாம் தேவை.

விட்டத்துலயும் கணப்பு மேல இருக்கற மரத்துலயும் கண்ணீர்த்துளி மாதிரி கருகின தழும்பு பார்த்தேன், வேற ஒரு பழைய பப்ல. மெழுகுவர்த்தி சாஞ்சு பட்டதா?
வாசகர், லண்டன்

எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. அப்புறம் பரிசோதனை செஞ்சு பார்த்தா, சுடர் தற்செயலா பட்டா அந்த வடிவம் வர்றதில்ல, மெழுகுதிரியை ஒரு சாய்வுல கொஞ்ச நேரம் பொறுமையா பிடிச்சு, கருகினதைச் சுரண்டிட்டு மறுபடியும் பிடிச்சாதான் அவ்வளவு ஆழமா விழுது. அதாவது வேணும்னே வச்ச சூடு. தீ விபத்துல இருந்து, கெட்ட சக்தியில இருந்து வீட்டைக் காப்பாத்தறதுக்காக இருக்கணும். கதவு, ஜன்னல், கணப்புன்னு வெளிய இருந்து உள்ள வர்ற வழியிலதான் இது இருக்கும். கூடவே காம்பஸ் வச்சு வரைஞ்ச ஆறு இதழ் பூ, ரெண்டு வி எழுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்ட மாதிரி கோடு, இதெல்லாம் தேடினா கிடைக்கும். 2016ல பழங்கட்டடங்களைக் கவனிக்கற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு பொதுமக்கள்கிட்டயே இந்த மாதிரி குறிகளைப் பார்த்தா எங்களுக்குச் சொல்லுங்கன்னு கேட்டாங்க, வந்து குவிஞ்சுது. மரமும் வைக்கோலும் களிமண்ணுமா ஒரு வீடு, நடுவுல எந்நேரமும் நெருப்பு, அதுக்குள்ள பிள்ளைகளைத் தூங்க வைக்கற தாயோட பயம் எப்படி இருந்திருக்கும்னு அந்தத் தழும்பைத் தொட்டா புரியும்.

பெரிய ஆளுங்க யாராவது இந்தச் சத்திரத்துல தங்கியிருக்காங்களா?
வாசகர், தஞ்சாவூர்

சாமுவேல் பீப்ஸ், டைரிக்குப் பேர்போனவர், 1668 ஜூன் 12ஆம் தேதி குடும்பத்தோட சால்ஸ்பரியில இருந்து பாத்துக்குப் போற வழியில இந்த ஊர்ல சாப்பிட்டிருக்கார். நல்ல சாப்பாடு, 10 ஷில்லிங்னு எழுதி வச்சிருக்கார், சர்ச்சுல ஆறு மணி இருக்கு, நாதம் நல்லா இருக்குன்னும் எழுதியிருக்கார்.

1685 ஜூன்ல மன்மத் கோமகன் ராஜாவுக்கு எதிரா படை திரட்டிட்டு வந்து இந்த ஊரைத்தான் தங்குமிடமா வச்சிருந்தார், ஜார்ஜ் இன்தான் அவருக்குத் தலைமையிடம். 27ஆம் தேதி ராஜாவோட படை வந்து மோதி, தெருவுலயும் வேலியோரத்துலயும் சண்டை, அன்னைக்கு மன்மத் பக்கம்தான் கை ஓங்குச்சு. ஒம்பது நாள் கழிச்சு ஜூலை 6ஆம் தேதி செட்ஜ்மூர்ல தோத்தார், 15ஆம் தேதி லண்டன்ல தலையை வெட்டிட்டாங்க. அவர் பின்னாடி போன சாமர்செட் விவசாயிகளும் நெசவாளிகளும் பட்டது கொடுமை, நீதிபதி ஜெஃப்ரீஸ் விசாரணையில நூத்துக்கணக்கானவங்களுக்குத் தூக்கு, இந்தக் கிராமத்துலயே 12 பேரைக் கொன்னதா ஊர் வரலாறு சொல்லுது. கம்பளிச் சந்தையை நம்பிப் பிழைச்ச குடும்பங்கள்தான் அவங்கள்ல பல பேர்.

எங்க அண்ணன் அங்க ஒரு பழைய மரவீடு வாங்கியிருக்கார், சுவர்ல வெடிப்பு இருக்கு, சிமென்ட் வச்சுப் பூசிடலாம்னு சொல்றார். பூசலாமா?
வாசகி, மதுரை

வேணாம்மா, இன்னைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. அந்த வீடு, சட்டப்படி பாதுகாக்கற பழங்கட்டடங்களோட பட்டியல்ல இருந்தா முதல்ல சட்டப் பிரச்சினை, அனுமதி இல்லாம அதோட தன்மையை மாத்தற மாதிரி வேலை செஞ்சா அங்க அது கிரிமினல் குற்றம், வெளிச்சுவர் மட்டும் இல்ல, உள்ள இருக்கற கணப்பு, படிக்கட்டு, கதவு எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். 1947ல வந்த சட்டத்துல இருந்து இந்தப் பட்டியல் வேலை நடக்குது. பட்டியல்ல கிரேடு ஒண்ணுங்கறது மொத்தத்துல 2.5 சதவீதம்தான், நார்ட்டன் ஜார்ஜ் அதுல ஒண்ணு.

சட்டத்தை விடுங்க, கட்டடத்துக்கே ஆகாது. மரமும் களிமண்ணும் மழையில கொஞ்சம் ஈரம் வாங்கும், காத்துல அதை வெளிய விடும். சுண்ணாம்புக் காரை அதுக்கு வழி விடும், கொஞ்சம் அசைஞ்சாலும் சேர்ந்து அசையும். சிமென்ட் அப்படி இல்ல, கெட்டியா நிக்கும், மரம் வெயில்ல சுருங்கினதும் ஓரத்துல மயிரிழை வெடிப்பு விடும், அதுவழியா தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு வீட்டுல யாரோ முப்பது நாப்பது வருஷம் முன்னாடி சிமென்ட் பூசியிருந்தாங்க, வெளிய பார்க்க மழமழன்னு அவ்வளவு அழகு. ஒரு துண்டைப் பெயர்த்துட்டு அடிச்சட்டத்துல ஸ்க்ரூடிரைவர் வச்சேன், கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. நானூறு வருஷம் நின்ன ஓக், நாப்பது வருஷத்துல கேக் மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல.

வில்லியம் மாரிஸ் 1877ல தொடங்கின பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்னைக்கும் இயங்குது, சுண்ணாம்பு வேலை பத்தி ஆலோசனை கொடுக்கறாங்க, பயிற்சி நடத்தறாங்க, உங்க அண்ணனை அங்க கேக்கச் சொல்லுங்க. அழுகின மரம் இருந்தா அழுகின அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்துட்டு புது ஓக் துண்டை ஒட்டுப் போட்டுச் சேர்க்கறதுதான் முறை, முழு விட்டத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்ல. ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்கவும் வேண்டாம். ஜார்ஜ் இன்லயே 1998ல பழுது பார்த்தப்போ பூச்சை மெதுவா எடுத்துக்கிட்டு வந்ததுல பழைய சுவர் ஓவியம் வெளிய வந்துச்சு, யாராவது முன்னாடியே சிமென்ட் பூசியிருந்தா அது போயிருக்கும்.

அடுத்த மாசம் மகளைப் பார்க்க பாத் போறோம். ஜார்ஜ் இன்ல என்னென்ன பார்க்கணும்னு சொல்லுங்க.
வாசகர், சென்னை

பாத்ல இருந்து தெற்கே 10 கிலோமீட்டர் கிட்டத்தான், மகளைக் கூட்டிட்டு மதியச் சாப்பாட்டுக்கே போயிட்டு வந்துடலாம். உள்ள நுழையறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, கல்லு முடிஞ்சு மரம் தொடங்கற கோடு, அதுக்கு மேல ஒவ்வொரு மாடியும் முன்னாடி வர்ற அளவு, கல் ஓட்டுக் கூரை, இதையெல்லாம் தூரத்துல இருந்துதான் பார்க்க முடியும். கல் வளைவு வாசல்ல கையை வச்சுப் பாருங்க, மூட்டைகளும் தோள்களும் உரசி உரசி வழவழன்னு இருக்கும். உள்ள போனதும் உக்கார இடம் தேடாம மேல பாருங்க, விட்டத்துல துளை, தச்சர் குறி, கருகின தழும்பு, எது கண்ணுல படுதுன்னு. அப்புறம் பின்பக்க முற்றத்துக்குக் கண்டிப்பா போங்க, வர்றவங்க நிறைய பேர் முகப்போட ஃபோட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. பின்னாடிதான் தாழ்வாரமும் படிக்கட்டுக்காகவே வெளிய தள்ளிக் கட்டின பல பட்டைக் கோபுரமும் இருக்கு, கம்பளி வியாபாரி சந்தை முடிஞ்ச ராத்திரி ஏறிப்போன பக்கம் அது.